வசந்தாமணி குளிப்பாட்டிய குழந்தை

எழுபது வயது நிறைந்தால் நீதிபதி நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும் என்பது அந்த அமெரிக்க மாநிலத்துச் சட்டம். மூளை நன்றாக இருக்கிறதா, முட்டி நன்றாக இருக்கிறதா என்றெல்லாம் சட்டம் விசாரிக்காது. ராஜலக்ஷ்மிக்கு வெள்ளிக்கிழமையோடு எழுபது. வியாழக்கிழமை பிற்பகல் மாநில உச்ச நீதிமன்றத்தில் அவளுக்குப் பிரிவுபசார விழா. புதன்கிழமை மத்தியானம் அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மறுநாள் பேசப்போவதை எழுதிக்கொண்டிருந்தாள்.

‘இந்த நாற்காலியில் நான் கற்றுக்கொண்டவை’ என்று தலைப்பு எழுதி அடிக்கோடும் போட்டாயிற்று. கற்றுக்கொண்டதை எழுத வேண்டியதுதான் பாக்கி.

எழுதுவதற்கு என்ன குறைச்சல்? கீழ் நீதிமன்றத்தில் தொடங்கி மொத்தம் இருபத்திரண்டு வருடம். கடைசி ஒன்பது வருடம் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நாற்காலிகளில் ஒன்று. திருச்சியில் சட்டம் படித்துவிட்டு, டாக்டர் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு வந்து, இங்கே மறுபடி முதலிலிருந்து படித்த பெண்ணுக்கு இது சாதாரண உயரமில்லை. நீதிபதியான முதல் நாள் வாசலில் காவலர் அவளைப் பார்த்து, ‘மொழிபெயர்ப்பாளர்கள் அந்தப் பக்கம், மேடம்’ என்று கை காட்டினார். இந்தக் கதையை அவள் எத்தனையோ மேடைகளில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறாள். நாளைக்கும் சொல்லலாம். யார் தடுக்கப்போகிறார்கள்?

அந்தக் காவலர் மறந்தே போயிருப்பார். அவள்தான் மறக்கவில்லை. அன்று முடிவு செய்ததுதான்: இந்தக் கட்டடத்தில் யாரும் தன்னை ‘அந்த ஆட்களில் ஒருத்தி’ என்று பார்த்துவிடக் கூடாது. பெயரை ‘ஜஸ்டிஸ் ராஜ்’ என்று நறுக்கிக்கொண்டாள். மோர்மிளகாய் வாசனை அறையில் நிற்கும் என்று, இருபத்திரண்டு வருடமும் மத்தியானத்துக்கு உப்புச் சப்பில்லாத இலை தழைகளையே தின்றாள். யாராவது இந்தியாவைப் பற்றி ஏதாவது கேட்டால் சுருக்கமாகச் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. என்ன பெருமையோ.

மூன்று மணிக்கு மகள் ஓவியா வந்தாள். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் வேலை அவளுக்கு, வயது முப்பத்திரண்டு. விழாவில் போட்டுக்காட்ட அம்மாவைப் பற்றி எட்டு நிமிடப் படம் ஒன்று தயாரிக்கும் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கியிருந்தாள். அப்பா சேனாபதி எடுத்துக் குவித்திருந்த பழைய வீடியோ கேசட்டுகளையெல்லாம் கடையில் கொடுத்து மாற்றி வாங்கியிருந்தாள். சேனாபதி போய் ஆறு வருடம் ஆகிறது. மனிதர் கேமரா வாங்கிய புதிதில் வீட்டில் கீரை ஆய்வதைக்கூட விட்டுவைக்கவில்லை.

“மாம், டிராஃப்ட் ரெடி. நீ அழக்கூடாது, ஓகேவா?” என்று மடிக்கணினியைத் திறந்தாள்.

கல்யாணப் போட்டோ வந்தது. பட்டமளிப்புத் தொப்பி வந்தது. அப்புறம் கொஞ்சம் மங்கலாக, மூலையில் 1992 என்று தேதி போட்டு, ஒரு குளியலறை வந்தது. பார்சிப்பனி என்ற ஊரில் அவர்கள் முதன்முதலில் குடியிருந்த அபார்ட்மென்ட்டின் குளியலறை. தொட்டிக்குள் ஒரு குட்டை முக்காலி. அதில் ஒரு பெண் பருத்திப் புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நீட்டிய கால்களின் மேல் எண்ணெயில் மினுங்கும் ஒரு மாதக் குழந்தை.

“லுக் அட் மீ! நான் எவ்ளோ க்யூட்! இந்த ஆன்ட்டி யாரு மாம்?”

ராஜலக்ஷ்மியின் பேனா நின்றுபோனது.

அந்தப் பெண் குழந்தையின் வலது கையை இடது காலோடும், இடது கையை வலது காலோடும் சேர்த்துச் சேர்த்து நீவினாள். மூக்கைப் பிடித்து நீவிவிட்டாள். வெதுவெதுப்பான தண்ணீரை முதுகில் ஊற்றினாள். குழந்தை வீல் வீலென்று கத்திற்று. கடைசியில் இரண்டு பாதங்களையும் ஒரே கையில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, மறு கையைத் தலைக்குக் கீழே காபந்தாக வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று மெல்ல ஆட்டினாள். குழந்தையின் அழுகை சட்டென்று நின்றது.

அப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் சிரித்துக்கொண்டே சொன்னது: “இன்னொரு தடவை ஆட்டு வசந்தா, இவருக்கு கேமரால சரியா விழலையாம்!”

முப்பத்திரண்டு வருடத்துக்கு முந்தைய ராஜலக்ஷ்மியின் குரல் அது. வசந்தாவும் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை ஆட்டினாள்.

ஓவியா சிரிக்கவில்லை. படத்தை நிறுத்தினாள். பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தாள். தலைகீழாகத் தொங்கும் குழந்தையில் நிறுத்தினாள்.

“வெயிட். மாம். இது அந்தப் பொம்மை.”

ராஜலக்ஷ்மியின் முகத்தில் ஈயாடவில்லை.

பொம்மை என்று அவள் சொன்னது எதை என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ராஜலக்ஷ்மி எழுதிய தீர்ப்பு ஒன்றில் அந்தப் பொம்மை வருகிறது. சட்டக் கல்லூரிகளில் அந்தத் தீர்ப்பைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். ஓவியா அதைப் படித்துவிட்டு, அம்மாவின் பெயர் அச்சில் இருக்கிற பக்கத்தைப் படம் பிடித்துச் சிநேகிதிகளுக்கெல்லாம் அனுப்பியவள்.

வசந்தாமணி கோபிச்செட்டிபாளையத்துப் பக்கத்துப் பெண். புருஷன் நஞ்சப்பனுக்கு ஒரு கம்பெனியில் படம் வரையும் வேலை. ஓவியா பிறந்தபோது ராஜலக்ஷ்மியின் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள், குழந்தையை எப்படித் தூக்குவதென்றே தெரியாமல் ராஜலக்ஷ்மி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கீழ் வீட்டு வசந்தாமணி கதவைத் தட்டி, “நான் குளிக்க வெச்சுத் தர்றனுங்க்கா” என்று உள்ளே வந்தாள். நாற்பது நாள் தவறாமல் வந்தாள். சாம்பிராணி போட்டுப் புகை அலாரம் அலற, தீயணைப்பு வண்டி வந்து நின்ற கூத்தெல்லாம் நடந்தது. அதன் பிறகு பார்சிப்பனியில் எந்தத் தமிழ் வீட்டில் பிரசவம் என்றாலும் வசந்தாமணியைத்தான் கூப்பிட்டார்கள். அதுவே அவளுக்குத் தொழிலாகிவிட்டது.

ராஜலக்ஷ்மி வீடு மாறினாள், பதவி மாறினாள். ஆரம்பத்தில் தீபாவளிக்கு ஒரு போன். அப்புறம் அதுவும் இல்லை.

பல வருடம் கழித்து, வசந்தாமணி குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போடக் கூட்டிப்போன இடத்தில், தோளருகே காறை எலும்பில் ஒரு விரிசல் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பிரசவத்திலேயே வந்திருக்கும் என்றார் ஒரு டாக்டர். இல்லை, பின்னால் வந்தது என்றார் இன்னொருவர். குழந்தையை யார் தொடுவார்கள் என்று விசாரித்துக்கொண்டு போலீஸ் வந்தது. வசந்தாமணி ஒளிக்கவில்லை. ஒளிக்க அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஒரு பொம்மையைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொன்னார்கள். அவளும் காலை நீட்டி உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் செய்துகாட்டினாள். கடைசியில் பொம்மையைப் பாதம் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி ஆட்டியும் காட்டினாள். வீடியோவில் எல்லாம் பதிவாயிற்று.

ஜூரி அந்த வீடியோவைப் பார்த்தது. போதாதா? இது எங்கள் ஊரில் எல்லாக் குழந்தைக்கும் நடக்கிற குளியல்தான் என்று சொல்வதற்குப் பார்சிப்பனியிலிருந்து மூன்று தாய்மார்கள் வந்து வராந்தாவில் காத்திருந்தார்கள். வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று அவர்களை நீதிபதி உள்ளேயே விடவில்லை. குழந்தையைத் துன்புறுத்தியதாகத் தீர்ப்பு. ஜெயில் இல்லை, இரண்டு வருடக் கண்காணிப்புதான். ஆனால் அந்தக் குற்றம் பதிந்துவிட்டால் க்ரீன் கார்டு போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். சிட்டிசன்ஷிப் வாங்கியிருந்தால் அந்த ஆபத்து இருந்திருக்காது. தேர்வில் இங்கிலீஷில் கேட்பார்களே என்று பயந்து வசந்தாமணி அந்தப் பக்கமே போகவில்லை.

மேல்முறையீடு படிப்படியாக ஏறி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அந்த மூன்று தாய்மார்களைப் பேச விட்டிருக்க வேண்டுமா? ஆமாம் என்றால் மறு விசாரணை. இல்லையென்றால் வசந்தாமணி விமானம் ஏற வேண்டியதுதான்.

கோப்பில் பெயரைப் பார்த்ததுமே ராஜலக்ஷ்மிக்குத் திக்கென்றது. பொம்மை வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். தலைக்குக் கீழே காபந்தாக நிற்கும் அந்த இடது கையைப் பார்த்ததும் சந்தேகமும் போயிற்று. அந்த நிமிடமே தலைமை நீதிபதியிடம் போய், ‘இவளை எனக்குத் தெரியும், என் குழந்தையைக் குளிப்பாட்டியவள், நான் இந்த வழக்கிலிருந்து விலகிக்கொள்கிறேன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். சட்டம் அதைத்தான் சொல்கிறது. அவள் போகவில்லை. சொன்னால், ‘உங்கள் குழந்தையையும் இப்படித் தலைகீழாகத் தொங்கவிட்டார்களா?’ என்று கேட்பார்களே. அந்தக் கேள்வியை அவர்கள் கேட்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வார்கள் என்பது வரை அவள் கண்ணில் தெரிந்தது.

வாதம் நடந்த அன்று வசந்தாமணி கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். தலை நரைத்திருந்தது. வக்கீல் எழுந்து, தமிழ் வீடுகளில் இது அன்றாடம் நடப்பது என்றார். ஏழு நீதிபதிகளில் ஒருத்தி முன்னால் குனிந்து, “வக்கீல் அவர்களே, அதற்கு வழக்குப் பதிவுகளில் ஆதாரம் எங்கே இருக்கிறது?” என்று கேட்டாள். கேட்டது ராஜலக்ஷ்மி. ஆதாரம் எங்கே இருக்கும்? ஆதாரத்தைத்தான் வராந்தாவிலேயே நிறுத்திவிட்டார்களே.

அப்புறம் ஏழு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு கலந்து பேசினார்கள். மூன்று பேர் அந்தப் பக்கம், மூன்று பேர் இந்தப் பக்கம். ஒருவர், “காட்டுமிராண்டித்தனம்” என்று முணுமுணுத்தார். எல்லாத் தலைகளும் ராஜலக்ஷ்மியின் பக்கம் திரும்பின. அவள்தான் கடைசி ஓட்டு.

“நான் இப்படி எதையும் பார்த்ததில்லை” என்றாள் அவள், வாய் கூசாமல்.

நாலுக்கு மூன்று. தீர்ப்பை நீங்களே எழுதினால் பொருத்தமாக இருக்கும் என்றார் தலைமை நீதிபதி. எழுதினாள். ‘இது ஒரு சமூகத்தின் வழக்கம் என்று காட்ட எதுவும் நம் முன் இல்லை’ என்ற வரியும் அவள் எழுதியதுதான். பத்திரிகைகள் நேர்மை என்றன, துணிச்சல் என்றன. அடுத்த வருடம் வசந்தாமணியை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தச் செய்தியை ராஜலக்ஷ்மி ஒரு கல்யாண ரிசப்ஷனில், தட்டை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது கேள்விப்பட்டாள். வரிசையை விட்டு வெளியே வரவில்லை. தட்டில் வைத்ததைச் சாப்பிடவும் செய்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

“அது இந்த ஆன்ட்டிதான்னு உனக்குத் தெரியுமா?” என்று கேட்டாள் ஓவியா.

“தெரியும்.”

“அப்போவே?”

“அப்போவே.”

ஓவியா படத்தைக் குளியல் தொடங்கும் இடத்துக்கு ஓட்டி நிறுத்தினாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ராஜலக்ஷ்மிக்கு.

“இந்த பார்ட்டைக் கட் பண்ணவா, வைக்கவா? நீயே சொல்லு.”

அறுபத்தொன்பது வருடம் முன்னூற்று அறுபத்துச் சொச்சம் நாள் வாழ்ந்தவள், ஊருக்கெல்லாம் நீதி சொன்னவள், மகளின் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்: “கட் பண்ணிடு.”

ஓவியா மடிக்கணினியை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். வழக்கமாகப் போகும்போது கன்னத்தில் ஒரு முத்தம் கொடுப்பாள். இன்றைக்கு இல்லை. கார் கிளம்பும் சத்தம் கேட்டது. மேசையில் தலைப்பும் அடிக்கோடும் அப்படியே கிடந்தன. நான் கற்றுக்கொண்டவை! பெற்ற மகளின் முன்னாலேயே இரண்டாவது தடவையும் வசந்தாமணியைக் கை கழுவியாயிற்று. மூன்று வருடத்துக்கு முன்னாலாவது பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது என்ன பயம்? போகிற பதவிக்கு என்ன பயம்? கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள் ராஜலக்ஷ்மி.

மறுநாள் காலை ஏழு மணிக்கு டெக்சாஸில் ஆலன் என்ற ஊரில் இருக்கும் இனியனைக் கூப்பிட்டாள். இனியன் வசந்தாமணியின் மகன். நம்பரைத் தமிழ்ச் சங்கத்தில் ஒருத்தியிடம் கேட்டு வாங்கினாள்.

“அம்மா நம்பர் எதுக்கு ஆன்ட்டி?” என்றான் அவன். குரலில் பனிக்கட்டி. “தீர்ப்புதான் கொடுத்துட்டீங்களே. கேஸ் க்ளோஸ்ட்.”

“ஒரு தடவை பேசணும் இனியன்.”

“எங்கம்மா என் ஒன்றரை வயசுப் பையனை இன்னும் நேர்ல பார்க்கல. அவன் வீடியோ கால்ல பாட்டின்னா போனைத் தடவுறான். ஐ ஜஸ்ட் வான்ட் யூ டு நோ தட்.”

சொல்லிவிட்டு நம்பரையும் அனுப்பினான். ஏன் அனுப்பினான் என்று அவளுக்கு விளங்கவில்லை.

கோபியில் அப்போது சாயங்காலம். போன் நாலைந்து தடவை அடித்த பிறகு வசந்தாமணி எடுத்தாள்.

“ஆருங்க?”

“வசந்தா... நான் ராஜலக்ஷ்மி. பார்சிப்பனி.”

அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“சொல்லுங்க்கா.”

என்னென்னவோ யோசித்து வைத்திருந்ததை விட்டுவிட்டு, “நான் உனக்குப் பெரிய துரோகம் பண்ணிட்டேன் வசந்தா” என்றாள்.

“தெரியுமுங்க.”

“நீ ஏன் வக்கீல்கிட்ட என் பேரைச் சொல்லல? சொல்லியிருந்தா என்னை அந்தக் கேஸ்லேர்ந்து எழுப்பியிருப்பாங்களே.”

“அதுக்குத்தானுங்க சொல்லல” என்றாள் வசந்தாமணி. “வக்கீலு கேட்டாருங்க, அந்த ஏழு பேர்ல ஆரையாச்சும் தெரியுமான்னு. இனியன்தான் சொன்னான், தெரியும்னு சொன்னா ராஜி அக்காளை எழுப்பி உட்ருவாங்கம்மான்னு. அதனால தெரியாதுன்னுட்டேன். பொய்தானுங்க. நீங்க அங்க உக்காந்திருக்கோணும்ல? அந்தப் பெரிய டிவில பொம்மயப் போட்டாங்க. நீங்களும் பாத்தீங்க. அக்காளுக்குத் தெரியாததா, அவிய எடுத்துச் சொல்லுவாங்கன்னுட்டு நான் பாட்டுக்குத் தைரியமா உக்காந்திருந்தனுங்க. அப்புறம் நீங்க கேட்டீங்க, அத்தாட்சி எங்கன்னு.”

ராஜலக்ஷ்மி போனைக் காதிலிருந்து எடுத்துவிடலாமா என்று நினைத்தாள். எடுக்கவில்லை.

“இனியன் அப்பறம் வக்கீல்கிட்டச் சொல்லோணும்னு குதிச்சானுங்க. நாந்தான் வேண்டாம்னேன். உங்கூட்டு கேசட்டு உங்ககிட்டத்தான இருக்குது? பெரியவங்க நீங்க இல்லைன்னு சொன்னா, நான் ஆமான்னு சொல்லி ஆரு கேக்கப் போறாங்க?”

“என்னை மன்னிச்சுடு வசந்தா.”

“அது என்னத்துக்குங்க இப்ப?” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை, வேலைக்கு நடுவில் ஒருவர் தொந்தரவு செய்தால் சொல்வது போலச் சொன்னாள். “நீங்க அங்க இங்கிலீசுலதான கேட்டீங்க? அவங்க அத்தன பேரு முன்னாலதான கேட்டீங்க? இங்க எங்கிட்ட, தமிழ்ல, தனியா வந்து சொன்னா ஆச்சுங்களா? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்க அங்கதான இருக்காங்க. அவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க. இங்கிலீசுலயே சொல்லுங்க.”

“சொல்றேன்.”

“குழாயில தண்ணி வந்திருச்சுங்க. வெக்கறேன்.”

வைத்துவிட்டாள். ஓவியா எப்படி இருக்கிறாள் என்றுகூடக் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்?

ராஜலக்ஷ்மி தலைப்பு எழுதிய தாளைக் கிழித்துப் போட்டாள். ஒரு கடிதம் எழுதினாள். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ தீர்ப்புகள் எழுதியிருக்கிறாள். எதுவும் இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில்லை. ‘இந்தப் பெண் என் மகளை நாற்பது நாள் இதே முறையில் குளிப்பாட்டினாள். நான் பக்கத்தில் நின்றேன். தெரிந்தும் விலகாமல் இருந்தேன், தெரியாது என்றேன். என் ஓட்டினால்தான் அவள் தோற்றாள்.’ ஒரு பிரதியை வசந்தாமணியின் வக்கீலுக்கும், ஒன்றை நீதிபதிகளை விசாரிக்கும் குழுவுக்கும் அனுப்பினாள். மூன்றாவதை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஓவியாவைக் கூப்பிட்டு, “அந்தக் குளியலைத் திரும்பப் போட்டுடு” என்றாள்.

“நான் அதை எடுக்கவே இல்ல, மாம்” என்றாள் ஓவியா.

தலைமை நீதிபதி தம் அறையில் கடிதத்தை நின்றபடியே படித்தார். படித்துவிட்டு உட்கார்ந்தார். நல்ல மனிதர். அதுதான் சிக்கல். அவர் சொன்னதெல்லாம் நியாயமாகவே கேட்டது. வக்கீலுக்கு அனுப்பியாயிற்று, குழுவுக்கு அனுப்பியாயிற்று. நடக்க வேண்டியது இனி அதன் வழியில் நடக்கும். விழாவில் இதையெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும்? ஆளுநர் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடத்தை ஒரு நாளில் பாழாக்கிக்கொள்ள வேண்டாமே. இன்று ஒரு நாள் நல்லபடியாக விடைபெற்றுக்கொண்டு போங்கள்.

ராஜலக்ஷ்மிக்கு அந்த வார்த்தைகள் இதமாகத்தான் இருந்தன. சரி என்று சொல்ல வாயெடுத்தாள் என்பதையும் மறைப்பதற்கில்லை. காகிதத்தில் ஒப்புக்கொண்டாயிற்று, அது போதாதா என்று உள்ளே ஒருத்தி கெஞ்சினாள். மூன்று வருடமாக அவளை ஆட்டிவைத்தவள் இந்த ஒருத்திதான்.

“அவர்கள் முன்னால்தான் கேட்டேன்” என்று மட்டும் தலைமை நீதிபதியிடம் சொல்லிவிட்டு எழுந்தாள்.

நீதிமன்ற அறை நிறைந்திருந்தது. பழைய உதவியாளர்கள், வக்கீல்கள், மாவட்ட நீதிபதிகள், அவர்களுடைய மனைவிமார், கணவன்மார். மூன்றாவது வரிசையில் ஓவியா. படம் ஓடிற்று. கல்யாணப் போட்டோவுக்கு எல்லோரும் ‘ஆ’ என்றார்கள். குளியலறை வந்தது. எண்ணெய்க் குழந்தையைப் பார்த்துச் சிரித்தார்கள். வசந்தாமணி பாதங்களைச் சேர்த்துப் பிடித்துக் குழந்தையைத் தலைகீழாகத் தூக்கியதும் சிரிப்பு நின்றது. எங்கோ ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. திரையில் மட்டும் தமிழில் ஒருத்தி கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

படம் முடியும் வரை ராஜலக்ஷ்மி காத்திருக்கவில்லை. எழுந்து, படத்தை அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து நின்றாள்.

“அந்தக் குழந்தை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்” என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். “குளிப்பாட்டுகிறவளின் பெயர் வசந்தாமணி நஞ்சப்பன். சிரிக்கிற குரல் என்னுடையது. நான் அவளை இன்னொரு தடவை ஆட்டச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே அறையில், இப்படி ஒரு வழக்கம் இருப்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டேன். ஆதாரம் என் வீட்டு அலமாரியில் இருந்தது.” முழுவதையும் சொன்னாள். விலகாததைச் சொன்னாள். பார்த்ததில்லை என்று புளுகியதைச் சொன்னாள். அதிக வெட்கமாக இருந்தாலும், எதற்காகப் புளுகினாள் என்பதையும் சொன்னாள். “உங்களில் ஒருவரும் என்னைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது என்பதற்காக.”

யாரும் கைதட்டவில்லை. அந்த மட்டும் நிம்மதி.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாழ்நாள் முழுக்க எந்தப் பார்வைக்குப் பயந்து மோர்மிளகாயையும் பெயரையும் மறைத்தாளோ, அந்தப் பார்வை இதோ வந்தது. முன்வரிசையில் ஒரு நீதிபதியின் மனைவி லேசாகப் புருவத்தைச் சுருக்கி, திரையில் நின்றுபோயிருந்த குழந்தையையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரம். அப்புறம் அந்த அம்மாள் கைப்பையைத் திறந்து கண்ணாடியைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

அவ்வளவுதானா? இதற்காகவா?

கோபியில் இந்நேரம் இரவாகியிருக்கும். ராஜலக்ஷ்மி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் அழுதாள்.